முப்பத்தொண்ணாம் தேதியும் ரெண்டு வாவும்

பொட்டி தட்டுற மக்களே, கோவிச்சுக்காதீங்க. இது உங்களைப் பத்தித்தான். நான் பி.காம். படிச்சுட்டு வங்கியில வட்டிக் கணக்குப் பார்க்கிற ஆள். ஆனா தேதி விஷயத்துல உங்க துறையை விட எங்க துறைக்கு அனுபவம் ஜாஸ்தி. அந்த உரிமையில சொல்றேன். கைப்பேசியில இருக்கிற நாட்காட்டி மென்பொருள், வருஷா வருஷம் வர்ற நம்ம வீட்டு விசேஷங்கள்ல பாதியைப் புரிஞ்சுக்கவே முயற்சி பண்ணலை. கேட்டா, "உங்க பஞ்சாங்கம் ஒரே குழப்பம் சார்"னு பழியை நம்ம தலையிலயே கட்டுறாங்க.

பஞ்சாங்கத்தை அப்புறம் பார்ப்போம். முதல்ல இங்கிலீஷ் தேதியையே எடுத்துக்குங்க. "31-ம் தேதி ஊருக்குப் பணம் அனுப்பணும்"னு ஒரு நினைவூட்டல் போட்டு 'மாதாமாதம்'னு அழுத்துங்க. 31 இருக்கிறது வருஷத்துல ஏழே மாசம். மீதி அஞ்சு மாசத்துக்கு என்ன பதில்? நாட்காட்டி மென்பொருள்களுக்கு இடையில பொது மொழியா இருக்கிறது ஐகேலண்டர்னு ஒரு விதித் தொகுப்பு. 1998-ல ஆர்.எஃப்.சி. 2445-ஆ வந்தது, 2009-ல ஆர்.எஃப்.சி. 5545-ஆத் திருத்தினாங்க. அது சொல்ற பதில்: இல்லாத தேதியைக் கண்டுக்காம தாண்டிப் போயிடு. பிப்ரவரியில அம்மாவுக்குச் செலவே கிடையாது போல :-)

இந்தக் கேள்விக்கு இந்தியாவுல 1881-லயே பதில் எழுதியாச்சு. நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட், பிரிவு 23: கெடு முடியற மாசத்துல அந்தத் தேதி இல்லைன்னா, அந்த மாசத்துக் கடைசி நாள்ல முடிஞ்சதா வச்சுக்கணும். பிரிவு 25: முதிர்வு நாள் பொது விடுமுறையா இருந்தா, அதுக்கு முந்தின வேலை நாள். காமர்ஸ் படிச்ச எல்லாரும் மனப்பாடம் பண்ணினது. மென்பொருள் விதியில "தாண்டிப் போகவா, முன்னால இழுக்கவா, பின்னால தள்ளவா"ங்கிற மூணு வாய்ப்பும் வந்தது 2015-ல, ஆர்.எஃப்.சி. 7529 மூலமா. 134 வருஷம் கழிச்சு! அந்த மூணுல எது வேணும்னு உங்களைக் கேட்கிற செயலி எத்தனை பார்த்திருக்கீங்க?

இனி நம்ம ஊருக்கு வருவோம். 1956 நவம்பர் 1-ல தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோட சேர்ந்தது. நெய்யாற்றின்கரையும் வேணும்னு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது, கிடைக்கலை. பாறசாலை அந்தப் பக்கம், களியக்காவிளை இந்தப் பக்கம்னு கோடு விழுந்தது. கொடுக்கல் வாங்கலும் கல்யாண உறவும் மட்டும் கோட்டைத் தாண்டித்தான் இன்னைக்கும் நடக்குது. அதனால எங்க பக்கத்து வீடுகள்ல ஒரே சுவர்ல மலையாள மனோரமா காலண்டரும் தமிழ் தினசரிக் காலண்டரும் சேர்ந்து தொங்கும். ரெண்டும் சூரிய மாசக் கணக்குதான். இருந்தாலும் எப்பவும் ஒத்துப் போகாது.

காரணம் சின்னது. சூரியன் ராசி மாறுறது அஸ்தமனத்துக்கு முன்னால நடந்தா, தமிழ்க் கணக்குல அன்னைக்கே ஒண்ணாம் தேதி. மலையாளக் கணக்குல பகலை அஞ்சு பங்காப் பிரிச்சு, மூணு பங்கு முடியறதுக்குள்ள, அதாவது ஏறக்குறைய மதியம் ஒண்ணேகாலுக்குள்ள நடக்கணும். தாண்டினா மறுநாள்தான் ஒண்ணாம் தேதி. 2023 ஏப்ரல் 14-ல சூரியன் மேஷத்துக்கு வந்தது பிற்பகல் மூணு மணி வாக்குல. விளைவு: சித்திரை 1 ஏப்ரல் 14, மேடம் 1 ஏப்ரல் 15. அடுத்த வருஷம் அது 13-ம் தேதி ராத்திரியே நடந்துட்டதால ரெண்டு பேருக்கும் 14. இதுல குழப்பம் எங்கே இருக்கு? 'இப்படி இருந்தா அப்படிச் செய்'ங்கிற விதி. அதை எழுதித்தானே சம்பளம் வாங்குறீங்க?

வாவுக்கு வாங்க. 2023 ஆடியில ரெண்டு அமாவாசை. கேரளாவுல கர்க்கடக வாவு ஜூலை 17. தமிழ்நாட்டுல பல கோயில்கள்ல ஆடி அமாவாசை ஆகஸ்ட் 16. அண்ணன் பாறசாலையில, தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தது திருநெல்வேலிப் பக்கம்னு வைங்க. ஒரே அப்பாவுக்கு, அண்ணன் நெய்யாத்துல அருவிப்புறத்துலயும் தங்கச்சி வீடு பாபநாசத்துலயும் எள்ளும் தண்ணியும் விடுறது ஒரு மாசம் தள்ளி. 2024-ல இடைவெளி ஒரே நாள். அமாவாசை ஆகஸ்ட் 3 பிற்பகல் தொடங்கி மறுநாள் பிற்பகல் வரைக்கும் இருந்தது. கேரளா 3-ம் தேதியை எடுத்தது, தமிழ்நாடு 4-ஐ. இந்தியாவுல சாயங்காலம் நாலு மணின்னா டொராண்டோவுல அதே நாள் காலை ஆறரை. இங்கே இருக்கிறவன் எந்த நாளை எடுக்கணும்?

பிறந்த நாளும் அப்படித்தான். நட்சத்திரம் ஒரு சுத்து வர 27 நாளும் சொச்சமும். மாசமோ 29-லேருந்து 32 நாள் வரைக்கும். அதனால ஒரே மாசத்துல ரெண்டு திருவோணம் வரும். திதிக்குச் சுத்து இருபத்தொம்பதரை நாள். ஒரு மாசம் ரெண்டு தடவை வரும், ஒரு மாசம் வராமலும் போகும். முதல்ல வர்றதா, ரெண்டாவதா? அது வீட்டு வழக்கம். ஐகேலண்டர் விதியில நட்சத்திரத்துக்கும் இடமில்லை, திதிக்கும் இடமில்லை. இது இந்துக்கள் பிரச்சினை மட்டும்னு நினைக்காதீங்க. எங்க பக்கம் சபைக்குப் போற குடும்பங்களோட ஈஸ்டரையும் அந்த விதியில எழுத முடியாது, ஏன்னா அதுவும் பௌர்ணமி பார்த்து வர்ற ஞாயிறு.

2015 திருத்தத்துல சீன, யூத, எத்தியோப்பிய நாட்காட்டிகளுக்கு வழி கிடைச்சது. இந்தியான்னு இருந்தது 1957-ல அரசாங்கம் ஏத்துக்கிட்ட சக நாட்காட்டி. அதைப் பார்த்து எங்க ஊர்ல யார் திவசம் கொடுக்கிறாங்க? 2025-ல ஆப்பிள் நிறுவனம் இந்திய வட்டார நாட்காட்டிகள் சிலதைச் சேர்த்தது, சந்தோஷம். ஆனா மாசத்துப் பேரைத் திரையில காட்டுறது வேற, "ஆவணித் திருவோணம், ரெண்டு வந்தா பின்னது"ன்னு ஒரு தடவை சொன்னா ஒவ்வொரு வருஷமும் தானே தேடி வைக்கிறது வேற.

"வழக்கம் ஆயிரம் இருக்கு, எதை எழுதுறது?"னு கேட்பீங்க. ஒண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலை, எங்களைக் கேளுங்கன்னு சொல்றேன். கனடாவும் அமெரிக்காவும் 2007-ல கடிகாரம் மாத்துற ஞாயிற்றுக்கிழமையையே மாத்தினாங்க. அதை வரிக்கு வரி ஏத்தினீங்களே! ஞாயித்துக்கிழமை போன் நேரத்தை இந்திய நேரத்துல குறிச்சு வச்சா, கோடையில ஒன்பதரை மணி, குளிர்ல பத்தரை மணி வித்தியாசத்தை மென்பொருளே சரியாப் பார்த்துக்குது. வங்கி மென்பொருளும் கேரளக் கிளைக்கு ஒரு விடுமுறைப் பட்டியல், தமிழ்நாட்டுக் கிளைக்கு வேற பட்டியல்னு வச்சுத்தான் ஓடுது. பணம்னா முடியுது, அரசாங்கம்னா முடியுது. அப்பாவோட திவசம்னா மட்டும் குழப்பமா?

அவங்களைத் திட்டியாச்சு, இப்ப நம்ம பக்கம். ஒவ்வொரு வருஷமும் ஊருக்கு போன் போட்டு, "அம்மா, இந்த வருஷம் என்னைக்கு வருது?"ன்னு கேட்டுத் தேதியைக் குறிக்கிற குடும்பங்கள்தான் இங்கே அதிகம். கணக்கைப் போடுறது அம்மா. பல வீடுகள்ல இந்த மென்பொருள் ஓடுற சர்வரே எழுபது வயசு தாண்டின அந்த ஒரு ஆள்தான். அதுக்கு பேக்கப் கிடையாது. அவங்க போனா, போறது தேதி இல்லை. தேதியை எந்தக் காலண்டரும் சொல்லும். எந்த மாசக் கணக்கு, ரெண்டு வந்தா எது, வராம போனா என்ன, எந்த ஊர் சூரியோதயம்ங்கிறது அவங்களோட போயிடும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு மிஞ்சுறது பள்ளிக்கூடச் சான்றிதழ்ல இருக்கிற தேதி மட்டும்.

அதனால மென்பொருள் திருந்துற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயித்துக்கிழமை போன்ல தேதியைக் கேட்காதீங்க, விதியைக் கேளுங்க. தமிழ் மாசமா மலையாள மாசமா, நட்சத்திரமா திதியா, வளர்பிறையா தேய்பிறையா, எந்தப் பஞ்சாங்கம், ரெண்டு வந்தா எது. அஞ்சு வரிதான். அதை அந்த நினைவூட்டலுக்குக் கீழேயே, குறிப்பு எழுதுற இடத்துல தட்டி வைங்க. பொட்டி தட்டுறவங்க என்னைக்காவது நம்மைக் கேட்டா, பதில் நம்ம கையில இருக்கணும்.