'நெக்ஸ்ட்' பொத்தானை அழுத்துவது யார்?

ஃபார்மட் செய்ய வந்த மடிக்கணினி ஒன்று சர்வீஸ் மேசைமேல் இருக்கிறது. விண்டோஸ் ஏறிவிட்டது, டிரைவர்களும் ஏறிவிட்டன. டெக்னீஷியன் தன் பென்டிரைவைச் செருகுகிறார். பிரவுசர், பி.டி.எஃப். ரீடர், வீடியோ பிளேயர், தமிழ்த் தட்டச்சுக் கருவி, இலவச ஆன்டிவைரஸ் என்று பத்துப் பன்னிரண்டு செட்டப் கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. நெக்ஸ்ட், ஐ அக்ரீ, நெக்ஸ்ட், ஃபினிஷ். வாடிக்கையாளர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. ஒரு வாரத்தில் அதே கணினி திரும்பி வருகிறது. பிரவுசரைத் திறந்தால் யாரும் கேட்காத தேடுதளம், மூலையில் ஓயாத விளம்பரம், எதைத் தட்டினாலும் தாமதம். "கண்டதையும் டவுன்லோட் பண்ணியிருப்பீங்க சார்" என்ற பதில் கடையில் தயாராக இருக்கிறது.

அந்தப் பதிலில் பாதி உண்மை உண்டு. மறுபாதியைப் பற்றி கணினி சர்வீஸ் துறை பேசுவதில்லை. அந்தக் கணினியில் பத்து ஒப்பந்தங்களுக்குச் சம்மதம் பதிவானபோது அதன் உரிமையாளர் டீக்கடையில் இருந்தார். பொத்தானை அழுத்தியது டெக்னீஷியனின் விரல். இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் உளவு நிரல்களைப் பற்றி எப்போது பேச்செழுந்தாலும், 'பயனர் கவனமாக இருக்க வேண்டும்' என்ற அறிவுரையோடு அது முடிந்துவிடுகிறது. கால் நூற்றாண்டு அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது: பொறுப்பில் பெரும்பங்கு, விஷயம் தெரிந்தவருக்கே உரியது.

கவனம் என்பதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஒரு பழைய சோதனை சான்று. 2005 வாக்கில் பி.சி. பிட்ஸ்டாப் என்ற அமெரிக்க நிறுவனம் தன் மென்பொருளின் உரிம ஒப்பந்தத்துக்குள் ஒரு வரியைச் செருகியது. இதைப் படித்துவிட்டு இந்த முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்புபவருக்குப் பணம் தரப்படலாம் என்பதே அந்த வரி. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிவிறக்கிய பிறகு, நான்கு மாதங்கள் கழித்து, ஒரே ஒருவர் எழுதினார். அவருக்கு 1,000 டாலர் கிடைத்தது. மற்றவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. படிக்கப்படாது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட ஆவணத்தை அவர்கள் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

இலவச மென்பொருளோடு உளவு நிரலைச் சேர்த்தனுப்பும் வணிகம் தொடங்கியது 1990களின் இறுதியில். ரியல்ஜூக்பாக்ஸ் என்ற இலவச இசை மென்பொருள், பயனர் என்ன கேட்கிறார் என்ற தகவலைத் தனி அடையாள எண்ணோடு சேர்த்துத் தலைமையகத்துக்கு அனுப்புவதை 1999-இல் ரிச்சர்ட் ஸ்மித் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். 2000-இல் தன் கணினியிலேயே இத்தகைய விளம்பர நிரல் ஒன்று ஒளிந்திருப்பதைக் கண்ட ஸ்டீவ் கிப்சன், அதை அகற்ற 'ஆப்ட்அவுட்' என்ற கருவியை எழுதினார். உளவு நிரல்களை நீக்குவதற்கென்றே வந்த முதல் கருவிகளுள் அது ஒன்று.

பிறகு வந்தது கசா. பாட்டும் படமும் பகிர உலகமே அதை இறக்கிக்கொண்டிருந்த காலத்தில், அதன் செட்டப் கோப்புக்குள் விளம்பர நிரல்களும் கூடவே வந்தன. 2002 ஏப்ரலில் இன்னொரு செய்தி வெளியானது. பிரில்லியன்ட் டிஜிட்டல் என்ற நிறுவனத்தின் நிரலும் கசாவோடு சேர்ந்து லட்சக்கணக்கான கணினிகளில் உட்கார்ந்திருக்கிறது, அக்கணினிகளின் சேமிப்பிடத்தையும் செயல்திறனையும் இணைத்துத் தனி வலையமைப்பு ஒன்றை உருவாக்க அந்நிறுவனம் திட்டமிடுகிறது என்பதே அது. பயனர்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்காணையத்தில் அந்நிறுவனம் தாக்கல் செய்த ஆவணத்தில் இருந்துதான் விஷயம் வெளியே வந்தது.

அதே காலத்தில், பின்னாளில் கிளாரியா என்று பெயர் மாற்றிக்கொண்ட கேட்டர் என்ற நிறுவனம் இந்த வித்தையைப் பெருந்தொழிலாக்கியது. கடவுச்சொற்களை நினைவில் வைக்கும் இலவசக் கருவி என்று உள்ளே வந்து, பயனர் செல்லும் தளங்களைக் கவனித்து, அதற்கேற்ற விளம்பரங்களை மேலே தெளித்தது. 2004-இல் பங்கு வெளியீட்டுக்காக அது தாக்கல் செய்த கணக்குப்படி, சுமார் 4.3 கோடிப் பயனர்கள். 2003-ஆம் ஆண்டின் வருவாய் ஏறத்தாழ 9 கோடி டாலர். அதன் உரிம ஒப்பந்தமோ ஏறத்தாழ ஆறாயிரம் சொற்கள் நீளம் என்று பென் எடல்மன் என்ற ஆய்வாளர் எண்ணிக் காட்டினார். 'எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறது, பயனர்தானே சம்மதித்தார்' என்பதே இத்தகைய நிறுவனங்களின் கேடயம்.

அந்தக் கேடயத்தை அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் ஏற்கவில்லை. ஜாங்கோ என்ற நிறுவனத்தின் விளம்பர நிரல் 7 கோடி முறைக்கு மேல் நிறுவப்பட்டு, 690 கோடி பாப்-அப் விளம்பரங்களைக் காட்டியது என்று ஆணையம் குற்றம்சாட்டியது. 2006-இல் 30 லட்சம் டாலரைக் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்ட அந்த நிறுவனம் 2009-இல் மூடப்பட்டது. அதே 2009-இல் சியர்ஸ் என்ற பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் மீதும் நடவடிக்கை வந்தது. 10 டாலர் தருவதாகச் சொல்லி வாடிக்கையாளர்களைச் சேர்த்து, அவர்களது இணையச் செயல்பாடு முழுவதையும் கவனிக்கும் மென்பொருளை அது நிறுவியிருந்தது. கண்காணிப்பின் முழு அளவு நீண்ட உரிம ஒப்பந்தத்தின் உள்ளே எழுதப்பட்டுத்தான் இருந்தது. அப்படி உள்ளே புதைத்து வைப்பது தெரிவித்ததாகாது என்று ஆணையம் சொல்லிவிட்டது.

இதன் பின்னணியில் உள்ள பணக்கணக்கைப் புரிந்துகொள்ளாமல் பயனரை மட்டும் திட்டிப் பயனில்லை. ஒரு நிறுவலுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கும் சந்தை இது. கூகுளும் நியூயார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்தக் கூலி நாட்டைப் பொறுத்து 10 சென்ட் முதல் ஒன்றரை டாலர் வரை. வேண்டாத மென்பொருளை இறக்கும் முயற்சிகளுக்கு எதிராக கூகுளின் பாதுகாப்பு அமைப்பு வாரந்தோறும் 6 கோடிக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகளைத் தந்துகொண்டிருந்தது. வழக்கமான தீநிரல்களுக்கான எச்சரிக்கைகளைப் போல் இது ஏறக்குறைய மூன்று மடங்கு. சில நிறுவிகள், கணினியில் எந்த ஆன்டிவைரஸ் இருக்கிறது என்று முதலில் பார்த்து, பிடிபடும் என்று தெரிந்தால் பொட்டலத்தைப் பிரிக்காமலே விட்டுவிடும். இவ்வளவு திட்டமிட்டுச் செய்யப்படும் வேலையின் எதிரே நிற்பவர் ஒரு பள்ளி ஆசிரியரோ ஜெராக்ஸ் கடைக்காரரோ.

நம்பகமான தளத்தில் மட்டும் இறக்குங்கள் என்ற அறிவுரையும் பலமுறை தோற்றிருக்கிறது. 2011-இல் வி.எல்.சி. பிளேயரை உருவாக்கும் வீடியோலேன் குழுவினர், தங்கள் மென்பொருளை விளம்பர நிரல்களோடு கட்டி விநியோகிக்கும் தளங்களைப் பற்றிப் பகிரங்கமாகப் புகார் செய்தனர். அதே ஆண்டு டிசம்பரில், என்மேப் கருவியின் ஆசிரியர் கார்டன் லயன், உலகப் புகழ்பெற்ற டவுன்லோட்.காம் தளம் தன் கருவியைச் சொந்த நிறுவிக்குள் சுற்றி, டூல்பாரோடு சேர்த்துத் தருவதை வெளிப்படுத்தினார். திறமூல மென்பொருள்களின் தாய்வீடாக இருந்த சோர்ஸ்ஃபோர்ஜிலிருந்து, கிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளின் குழுவினர் 2013-இல் வெளியேறியதும் இதே காரணத்தால்தான். 2015 மே மாதத்தில் பார்த்தால், அவர்கள் விட்டுச்சென்ற பக்கத்தை அத்தளம் தன் வசமாக்கி, விளம்பரம் சுற்றிய நிறுவியைக் கொடுத்துக்கொண்டிருந்தது. எதிர்ப்பு வலுத்தது. 2016-இல் அத்தளத்தை வாங்கிய புதிய உரிமையாளர்கள் முதல் வேலையாக, விளம்பரம் சுற்றிய நிறுவிகளைத் தரும் திட்டத்தை நிறுத்தினர்.

அடுத்த இரண்டு செய்திகள் சர்வீஸ் மேசைக்கு இன்னும் நெருக்கமானவை. கணினியைச் 'சுத்தம்' செய்ய ஏறக்குறைய எல்லா டெக்னீஷியன்களின் பென்டிரைவிலும் இருந்த சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள் 2017-இல் தாக்குதலாளர்கள் தங்கள் நிரலைப் புகுத்தினர். ஏறக்குறைய ஒரு மாதம் அது அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே, முறையான டிஜிட்டல் கையொப்பத்தோடு விநியோகமாகி, சுமார் 22.7 லட்சம் கணினிகளை அடைந்தது. இதில் சிகிளீனரை உருவாக்கிய நிறுவனமே பாதிக்கப்பட்ட தரப்பு. அவாஸ்ட் விவகாரம் வேறு மாதிரி. அதன் ஆன்டிவைரஸும் பிரவுசர் நீட்சிகளும் திரட்டிய உலாவல் விவரங்கள், ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக 2014 முதல் 2020 வரை நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விற்கப்பட்டன என்பது அமெரிக்க ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2024-இல் 1.65 கோடி டாலர் செலுத்தவும், உலாவல் விவரங்களை விளம்பரத்துக்காக விற்பதை நிறுத்தவும் உத்தரவு வந்தது. கண்காணிப்பிலிருந்து காக்கும் என்று சொல்லி டெக்னீஷியன்கள் நிறுவிக்கொடுத்த மென்பொருள் அது.

பிரவுசர் நீட்சிகளிலும் கைபேசியிலும் கதை இதேதான். 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்திய 'தி கிரேட் சஸ்பெண்டர்' குரோம் நீட்சி 2020-இல் கைமாறியது. 2021 பிப்ரவரியில் தீநிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை முடக்கியது. 2023-இல் டாக்டர் வெப் நிறுவனம் கண்டறிந்த ஸ்பின்ஓகே என்ற விளம்பரத் தொகுப்பு, பிளே ஸ்டோரின் நூற்றுக்கும் மேற்பட்ட செயலிகளுக்குள் இருந்தது. அச்செயலிகளின் மொத்தப் பதிவிறக்கம் 42 கோடிக்கு மேல். செயலியை எழுதியவர்கள் பலருக்கே தாங்கள் சேர்த்த தொகுப்பு என்ன செய்கிறது என்பது தெரிந்திருக்காது என்னும்போது, அதை இறக்கியவரிடம் என்ன கேட்பது?

இவற்றைக் காட்டி இலவசத்தையே சந்தேகிப்பதும் பிழை. இ-கலப்பை, அழகி, என்.எச்.எம். ரைட்டர் போன்ற கருவிகள் இலவசமாகக் கிடைத்ததால்தான் கணினியில் தமிழ் எழுதுவது பரவலானது. வி.எல்.சி.யும் லிப்ரே ஆஃபீஸும் இன்றும் காசு வாங்காமல், உளவு பார்க்காமல் உழைக்கின்றன. நல்ல மனத்தோடு கொடுக்கப்பட்ட பொருளின்மேல் இடைத்தரகர்கள் சுற்றும் உறையில்தான் விஷம் இருக்கிறது.

பயனருக்குப் பொறுப்பே இல்லை என்று இவ்விதழ் சொல்லவில்லை. காசு கொடுக்க மனமில்லாமல் கிராக் தேடுவதும், 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்' என்ற குறிப்பை அப்படியே பின்பற்றுவதும் தெரிந்தே எடுக்கும் முடிவுகள். அதன் விளைவுக்கு அவரும் பொறுப்பாளிதான். ஆனால் அந்த கிராக்கைப் பல இடங்களில் கடையே போட்டுக்கொடுக்கிறது என்பதையும் இத்துறை ஒப்புக்கொள்ள வேண்டும். கணினிக்காரர் போட்டது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவருக்குத் தேர்வு செய்யும் வாய்ப்பே கொடுக்கப்படவில்லை.

இந்தியச் சட்டம் இப்போது சம்மதம் என்ற சொல்லுக்குத் தெளிவான பொருள் தந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின்படி, சம்மதம் சுதந்திரமானதாகவும், குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாகவும், விவரம் அறிந்ததாகவும், நிபந்தனையற்றதாகவும், ஐயத்துக்கு இடமில்லாததாகவும் இருக்க வேண்டும். சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: தொலைமருத்துவச் செயலி ஒன்று பயனரின் தொடர்பு எண்கள் பட்டியலையும் கேட்டு, அவரும் சம்மதித்துவிட்டாலும், மருத்துவச் சேவைக்கு அந்தப் பட்டியல் தேவையில்லாததால் அந்தப் பகுதிக்குச் சம்மதம் இல்லை என்றே கொள்ள வேண்டும். சம்மதக் கோரிக்கையை அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்கும் வசதி தரப்பட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. தமிழ் அதில் ஒன்று. ஆங்கிலத்தில் இருபது பக்கம் ஓடும் உரிமத்தை முன்வைத்து 'நீங்கள்தானே ஒப்புக்கொண்டீர்கள்' என்று கேட்பது இனி எளிதாக இருக்கக் கூடாது.

சட்டம் மெதுவாக நடக்கும். சர்வீஸ் மேசையில் நாளைக்கே செய்யக்கூடியவை சில உண்டு. பென்டிரைவில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும் பழைய செட்டப் கோப்புகளை அழித்துவிட்டு, உருவாக்கியவரின் தளத்திலிருந்து நேரடியாக இறக்கிய புதிய பதிப்புகளை வைக்கலாம். டிஜிட்டல் கையொப்பத்தையும், தளத்தில் ஹாஷ் எண் கொடுத்திருந்தால் அதையும் சரிபார்க்கலாம். சிகிளீனர் காட்டியதுபோல் இது முழுப் பாதுகாப்பு ஆகாது, ஆனால் சுற்றிக் கொடுக்கப்பட்ட போலி நிறுவிகளை இது பிடித்துவிடும். 'எக்ஸ்பிரஸ்' முறையை விட்டுவிட்டு 'கஸ்டம்' முறையைத் தேர்ந்து, தேவையற்ற டிக்குகளை எடுத்துவிடலாம். வேண்டாத செயலிகளைத் தடுக்கும் வசதி விண்டோஸ் செக்யூரிட்டியிலேயே இருக்கிறது. அது அணைந்துகிடந்தால் இயக்கிவிடலாம். அன்றாட வேலைக்கு அட்மின் உரிமை இல்லாத கணக்கு ஒன்றை உருவாக்கிக் கொடுக்கலாம். ஒரு கணினிக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும்.

இவற்றோடு இவ்விதழ் தன் வாசகர்களிடம் வைக்கும் வேண்டுகோள் ஒன்று. கணினியைத் திருப்பிக் கொடுக்கும்போது, அதில் நிறுவிய மென்பொருள்களின் பெயரையும், ஒவ்வொன்றும் எதற்காக, எந்தத் தளத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் தமிழில் எழுதி, பில்லோடு சேர்த்துக் கொடுங்கள். அரைப்பக்கம் போதும். தன் கணினியில் என்ன இருக்கிறது என்று வாடிக்கையாளருக்குத் தெரிந்திருந்தால்தான், அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று நாளை முளைக்கும்போது அவரால் அடையாளம் காண முடியும். பயனரின் பொறுப்பைப் பற்றி அவரிடம் பேசுவதை அதன்பிறகு வைத்துக்கொள்ளலாம்.