ஆறு மாதத்திற்குப் பின்?

தாய்ப்பாலுக்கு நிகரான உணவு இல்லை என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் அதில் இரும்புச் சத்து மிகக் குறைவு. லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூட இல்லை. கருவில் தாயிடம் பெற்ற இருப்பே நிறைமாதக் குழந்தையை ஏறத்தாழ ஆறு மாதம் காக்கிறது. அதன் பின் பாலும் கஞ்சியும் மட்டும் போதுமா? போதா. தாய்ப்பாலை நிறுத்தாமலே பருப்பு, கீரை, முட்டை, ஈரல் ஆகியவற்றையும் மசித்து ஊட்ட வேண்டும்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. வறுமை மட்டுமா காரணம்? “பிள்ளைக்குச் செரிக்காது” என்னும் வீட்டுப் பெரியவர்களின் தயக்கமும் ஒரு காரணமே. நாளைய பெற்றோராகிய நாம், அத்தயக்கத்தை இன்றே நம் வீட்டிலிருந்து நீக்கத் தொடங்குவோம்!