பழைய மிச்சத்தைத் துடைத்துவிட்டுக் கொடுங்கள்!

நேற்று வரை நன்றாக ஓடிய புரோகிராம் இன்று ஏன் தானாக மூடிக்கொள்கிறது? ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் எப்படிச் சரியாகிறது? வில்லியனூர், பாகூர் பக்கம் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "எதையாவது தப்பாக அழுத்தியிருப்பீர்கள்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. பல நேரங்களில் தவறு உங்களுடையது அல்ல, சாப்ட்வேரை எழுதியவர்களுடையது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. அதிகம் பேசப்படாத ஒன்றை மட்டும் இங்கே பார்ப்போம்.

பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் போடுபவர்களுக்கு இது எளிதில் புரியும். அறுவடையில் உதிர்ந்த நெல் வயலிலேயே கிடக்கும். சரியாக உழாமல் அடுத்த போகத்துக்கு வேறு ரகத்தை நட்டால், பழைய ரகமும் நடுவில் முளைத்துக் கலப்பாகிவிடும். கம்ப்யூட்டரின் மெமரியும் அப்படித்தான். ஒரு புரோகிராம் ஓர் இடத்தைப் பயன்படுத்திவிட்டு விடும்போது, அதில் இருந்த மதிப்பு அழிவதில்லை. "காலி" என்ற குறி மட்டுமே விழுகிறது. ஒரு புரோகிராமின் இடம் இன்னொரு புரோகிராமுக்குப் போகும்போது விண்டோஸும் லினக்ஸும் அதைத் துடைத்துவிடும். ஒரே புரோகிராமுக்குள் கை மாறும்போது அப்படித் துடைக்க ஆள் இல்லை.

கம்பைலரை எடுத்துக்கொள்வோம். புரோகிராமர் எழுதுவதை மெஷினுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் சாப்ட்வேர் இது. இந்த வேலைக்கு அது லட்சக்கணக்கான சிறு பொருள்களை மெமரியில் உருவாக்குகிறது. வேகத்துக்காக, வேலை முடிந்த பொருளை ஒரு பட்டியலில் போட்டுவைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. அப்படி எடுத்ததில் ஒரு கட்டத்தை நிரப்ப மறந்தால், பழைய மதிப்பே புதிய மதிப்புபோல் படிக்கப்படும். அதே கோடு காலையில் சரியாகவும் மாலையில் தவறாகவும் கம்பைல் ஆகலாம்.

இதைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. எங்கே தவறு என்று பார்க்க ஒரு வரியைச் சேர்த்தாலே மெமரியின் வரிசை மாறித் தவறு மறைந்துவிடும். 2002-ல் வந்த வால்கிரிண்ட் போன்ற கருவிகள், எழுதாத இடத்தைப் படித்தால் எச்சரிக்கும். ஆனால் பட்டியலிலிருந்து திரும்ப வந்த இடத்தில் முன்பே எழுதியாகிவிட்டது. அதனால் தனியாகச் சொல்லித் தராவிட்டால் கருவியும் ஏமாந்துவிடும். இதற்கு ஒரு நல்ல வழி, விடுவித்த இடத்தை வேண்டுமென்றே வினோதமான மதிப்பால் நிரப்பிவைப்பது. ஜிசிசி கம்பைலரின் சோதனைப் பதிப்பு 'ஏ5' என்ற மதிப்பால் நிரப்புகிறது. யாராவது அதைப் படித்தால் தவறு உடனே வெளியே வந்துவிடும்.

இது கம்பைலரோடு நிற்கும் சங்கதி அல்ல. இணையப் பரிமாற்றத்தைப் பாதுகாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் சாப்ட்வேரில் 2012-ல் நுழைந்து, 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 64 கிலோபைட் வரை சர்வரின் மெமரி வெளியே போனது. கேட்ட நீளத்தைச் சரிபார்க்காததுதான் மூலத் தவறு. ஆனால் முடிந்துபோன வேலைகளின் மிச்சமும் அங்கே துடைக்காமல் கிடந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல்லும் இப்படி ஒரு சொந்தப் பட்டியல் வைத்திருந்தது. அதை நிறுத்திப் பார்த்தால் சில இணைப்புகள் வேலையே செய்யவில்லை. விடுவித்த இடம் பழைய தகவலோடு அப்படியே திரும்பி வரும் என்று நம்பி எழுதிய கோடு உள்ளே இருந்ததே காரணம்!

துடைத்தால் வேகம் குறையும் என்பார்கள். 32 எம்பி மெமரி இருந்த நாட்களில் அது நியாயமான கவலை. 2019-ல் வந்த லினக்ஸ் 5.3 கெர்னலில், இடம் கொடுக்கும்போதே துடைத்துக் கொடுக்கும் வசதி சேர்ந்தது. பெரும்பாலான வேலைகளில் இதனால் வேகம் 1 சதவீதம்கூடக் குறையாது, சில சோதனைகளில் மட்டும் 7 சதவீதம் வரை குறையும் என்கிறது அதன் குறிப்பு. உள்ளே சொந்தப் பட்டியல் வைத்திருக்கும் புரோகிராம்களும் இதையே செய்ய வேண்டும். சோதிக்கும்போது வினோத மதிப்பு, வாடிக்கையாளருக்குக் கொடுக்கும்போது பூஜ்யம். இதுவே வழக்கமாக வேண்டும் என்பது என் கருத்து. துடைத்தாலும் பிழை இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும் பிழையைப் பிடித்துவிடலாம். நாளுக்கு ஒரு முகம் காட்டும் பிழைதான் உங்களைக் குற்றவாளி ஆக்குகிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை மூன்று. அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். புரோகிராம் மூடிக்கொண்டால், அதற்கு முன் என்னென்ன திறந்திருந்தது, என்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். 'பிழை அறிக்கை அனுப்பவா?' என்று கேட்டால், அந்தரங்கமான ஃபைல் எதுவும் திறந்திருக்காத நேரத்தில் தாராளமாக அனுப்புங்கள். அந்த அறிக்கையிலும் மெமரியின் மிச்சம் போகக்கூடும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.