ராம் எத்தனை ஜிபி என்று மட்டும் கேட்காதீர்கள்

நிறுவனங்கள் கழித்துவிட்ட இரண்டு ப்ராசசர் சர்வர்கள் இப்போது குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வீட்டு உபயோகத்திற்கும் பலர் இவற்றை வாங்குகிறார்கள். வாங்குபவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "ராம் எத்தனை ஜிபி?" என் கருத்தில் அதைவிட முக்கியமான கேள்வி, "எத்தனை மாட்யூல்கள், எந்தெந்த ஸ்லாட்டில்?" என்பதுதான்.

2012-ல் இன்டெல் வெளியிட்ட ஜியான் இ5-2600 வரிசையைப் பார்ப்போம். இதில் ஒவ்வொரு ப்ராசசருக்கும் நான்கு மெமரி சேனல்கள் உண்டு. சேனல் என்பது டேட்டா செல்லும் சாலை. டிடிஆர்3-1600 மாட்யூல் எனில் ஒரு சாலையில் நொடிக்கு 12.8 ஜிபி வரை செல்லும். நான்கும் திறந்திருந்தால் 51.2 ஜிபி.

32 ஜிபி வேண்டுமா? 16 ஜிபி மாட்யூல் இரண்டு போட்டால், ப்ராசசருக்கு ஒரு சாலைதான் கிடைக்கும். 4 ஜிபி மாட்யூல் எட்டு போட்டால் எல்லாச் சாலைகளும் திறக்கும். எல்லாவற்றையும் ஒரே ப்ராசசரின் பக்கம் செருகுவது இன்னும் மோசம். அடுத்த ப்ராசசர் ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டில் போய்க் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

"பின்னால் ராம் கூட்ட ஸ்லாட் வேண்டாமா?" என்று கடைக்காரர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 16 ஸ்லாட் உள்ள போர்டில் எட்டு போட்டாலும் எட்டு மீதம் இருக்கிறதே! கடிதம் டைப் செய்யவும் இணையம் பார்க்கவும் இந்த வேறுபாடு தெரியாது. பெரிய டேட்டாவைக் கையாளும் வேலைகளில் தெரியும்.

சாதாரண கம்ப்யூட்டருக்கும் இதே விதிதான். 16 ஜிபி ஒன்றைவிட 8 ஜிபி இரண்டு சிறந்தது. மதர்போர்டு கையேட்டில் சொன்ன ஸ்லாட்டுகளில் செருகுங்கள். சிபியூ-இசட் என்ற இலவச புரோகிராமில் மெமரி பகுதியைத் திறந்தால் எத்தனை சேனல்கள் இயங்குகின்றன என்று தெரியும்.

ஓர் எச்சரிக்கை. சர்வரில் இருந்து கழற்றிய டிடிஆர்3, டிடிஆர்4 ரிஜிஸ்டர்டு மாட்யூல்கள் மலிவாகக் கிடைக்கும். வீட்டுக் கம்ப்யூட்டர் ஸ்லாட்டில் அவை கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் கம்ப்யூட்டர் பூட் ஆகாது. சர்வரிலும் ரிஜிஸ்டர்டு மாட்யூலையும் சாதாரண மாட்யூலையும் கலந்து போட முடியாது. லேபிளைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.