கம்பம் திராட்சைக்குக் குறியீடு மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இந்த மஸ்கட் ஹாம்பர்க் ரகம், தேனி மாவட்டத்தின் பெயரைச் சுமந்து நிற்பது எங்களுக்குப் பெருமைதான். ஆனால் குறியீடு வந்தபிறகும் விலை சரியும்போது பழத்தைப் பந்தலிலேயே விட்டுவிடும் நிலை மாறவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பன்னீர் திராட்சை விதையுள்ளது, தோல் மெல்லியது, சாறு மிகுந்தது. மழை பெய்தால் வெடிக்கும், பெட்டியில் இரண்டு நாள் கிடந்தால் உதிரும். ஜனவரி தொடங்கி மகாராஷ்டிரத்து விதையில்லாத் திராட்சை சந்தைக்கு வந்துவிட்டால் எங்கள் பழத்தை வியாபாரி ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. 2020 ஊரடங்கில் லாரி ஓடாமல், பறிகூலிக்குக்கூட வழியில்லாமல் நின்றோம். கவாத்து, மருந்து, ஆள்கூலி எதுவும் குறையவில்லை. விலை மட்டும் எப்போது வேண்டுமானாலும் விழும்.

சாற்றுக்கும் ஒயினுக்கும் இந்தப் பழம் மிகப் பொருத்தமானது என்பதைத் தோட்டக்கலை அறிஞர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். ஒயின் ஆலை வரும் என்ற பேச்சையும் தேர்தலுக்குத் தேர்தல் கேட்டுவிட்டோம். பெரிய ஆலை ஒன்று வந்து மொத்தப் பழத்தையும் வாங்கிக்கொள்ளும் என்று நாங்கள் இனிக் காத்திருக்கத் தேவையில்லை. விவசாயிகளே சேர்ந்து, ஊர்க்காரர்களுக்கு வேலை கொடுத்து, அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் பழத்தைப் பேசிய விலைக்கு எடுத்துக்கொள்ளும் சிறு ஆலைகள்தான் இங்கே வேண்டும். அதற்கான இயற்கை வசதியும் எங்களுக்கு இருக்கிறது. நாசிக்கில் ஒயினுக்கான அறுவடை ஆண்டுக்கு ஒரு பருவம்தான். அந்தச் சில மாதங்களில் வரும் பழம் முழுவதையும் கொள்ளும் அளவுக்கு அங்கே தொட்டி வேண்டும். இங்கே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இரண்டாண்டில் ஐந்து மகசூல் எடுக்கிறோம். ஏதாவது ஒரு தோட்டத்தில் எப்போதும் பழம் இருக்கும். சின்னத் தொட்டிகளைத் திரும்பத் திரும்ப நிரப்பியே ஒரு ஆலையை நடத்தலாம், முதலீடும் குறையும்.

அப்படியிருந்தும் சிறு விவசாயிகள் துணிவதில்லை. காரணம் எங்கள் சோம்பல் அல்ல. தமிழ்நாட்டில் மதுவின் மொத்த விற்பனை 1983 முதலும் சில்லறை விற்பனை 2003 முதலும் அரசின் டாஸ்மாக் நிறுவனத்திடம் இருக்கிறது. ஆலை வாசலில் ஒரு பாட்டிலைக்கூடச் சொந்தமாக விற்க வழியில்லை. பழம் கொடுத்தவருக்குப் பணத்தை உடனே கொடுத்தாக வேண்டும், ஒயினோ புளித்துத் தெளிந்து விற்பனைக்கு வர மாதக்கணக்காகும். இந்த வெயிலில் தொட்டியைக் குளிர்விக்கும் மின்கட்டணம், பாட்டில் விலை, உரிமக் கட்டணம், லேபிள் பதிவு என்று எல்லாம் முன்பணம். வாங்குபவர் ஒரே ஒருவர் என்றால், நெருக்கடி வரும் ஆண்டில் சிறு ஆலை எதைக் கொண்டு தாக்குப்பிடிக்கும்? லட்சக்கணக்கான பெட்டி சரக்கு இறக்கும் ஆலைக்கு வகுத்த ஏற்பாட்டுக்குள், இருபது விவசாயிகள் சேர்ந்த ஆலையையும் தள்ளுவது நியாயமில்லை.

மற்ற மாநிலங்கள் இதை எப்போதோ உணர்ந்துவிட்டன. மகாராஷ்டிரம் 2001லேயே திராட்சைப் பதனத்துக்கென்று தனிக் கொள்கை வகுத்தது. கர்நாடகம் 2007இல் ஒயின் கொள்கை கொண்டுவந்து, அதற்கென ஒரு வாரியமும் அமைத்தது. மலைக்கு அந்தப்பக்கம் கேரளமும் உள்ளூர்ப் பழங்களில் ஒயின் செய்யும் சிறு ஆலைகளுக்கு 2022இல் விதிகளை வெளியிட்டது. பழம் விளையும் கம்பத்தில் மட்டும் விவசாயிகளின் சிறு ஆலைக்கென்று தனி ஏற்பாடு இல்லை.

மது எதற்கு, இன்னும் எதற்கு ஆலை என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். குடியால் சீரழிந்த குடும்பங்கள் என் தெருவிலேயே இருக்கின்றன. அதனால்தான் இதையும் சொல்கிறேன். ஆண்டுக்கு நாற்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் மதுவிலிருந்து அரசு ஈட்டுகிறது. அந்தக் கடைகளில் பிராந்தி என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி, திராட்சையிலிருந்து வடித்ததே அல்ல. கரும்பாலைக் கழிவுப்பாகில் எடுத்த சாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்தது, 42.8 சதவீதம் ஆல்கஹால் உள்ளது. பத்துப் பன்னிரண்டு சதவீதம் உள்ள ஒயினைச் செய்ய எங்களுக்கு இவ்வளவு தடை, அதற்கோ தெருவுக்குத் தெரு கடை. படிப்படியாக மதுவிலக்கு வரட்டும், நாங்கள் குறுக்கே நிற்கமாட்டோம். அதுவரை விவசாயி மட்டும் ஏன் வெளியே நிற்க வேண்டும்?

நாங்கள் மானியம் கேட்கவில்லை, கடை திறக்கவும் கேட்கவில்லை. விவசாயிகள் நடத்தும் சிறு ஒயின் ஆலைகளைத் தனி வகையாக அரசு அறிவிக்க வேண்டும். உற்பத்தி அளவுக்கேற்ற உரிமக் கட்டணம் போதும். வட்டாரத்துப் பழத்தைக் குறைந்தபட்ச விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதை உரிம நிபந்தனையாகவே எழுதிவிடலாம். ஆலை வளாகத்தில், அதுவும் அளவோடு, விற்க அனுமதி வேண்டும். சாறு மட்டும் பிழியும் கூட்டுறவு ஆலைக்கும் இதே கவனம் தேவை. மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் அடுத்த கொள்கை விளக்கக் குறிப்பிலேயே இதற்கான அறிவிப்பு இடம்பெற வேண்டும் என்று முதலமைச்சரையும், எங்கள் மாவட்டச் சட்டமன்ற உறுப்பினர்களையும் தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு திராட்சை விவசாயி,
உத்தமபாளையம் வட்டம், தேனி மாவட்டம்.