வரிசையில் நிற்க வைக்காதே, பாப்பா

வணக்கம் நேயர்களே! மன்னிக்கவும், வாசகர்களே! மைக் முன்னால் உட்கார்ந்து பழகியவளுக்குப் பேனா பிடித்தாலும் வாய் அப்படித்தான் வருகிறது.

கடந்த பள்ளி விடுமுறையில் சரவாக் போய் வந்ததை வானொலியில் இரண்டு நிமிடம் சொன்னேன். "ஆத்துல படகுல போனோம், ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று சிரித்தபடி அடுத்த பாடலுக்குப் போய்விட்டேன். அங்கே சொல்லாமல் விட்டதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

அது எங்கள் சபையின் ஊழியப் பயணம். நான்கு குடும்பங்கள் கிளம்பினோம். எங்கள் வீட்டிலிருந்து நான், கணவர், 9 வயது மகன், 68 வயது அப்பா. கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் சிபு. இப்போது சிபுவிலிருந்து கப்பிட்டுக்குச் சாலை வந்துவிட்டது. ஆனாலும் மலேசியாவின் மிக நீளமான ஆறான ரஜாங்கைப் பார்க்காமல் போவதா என்று விரைவுப் படகில் ஏறினோம். இறக்கையை வெட்டிவிட்டுத் தண்ணீரில் இறக்கிய விமானம் போல் இருக்கும் அந்தப் படகு. கப்பிட்டுக்கு மேலே பாலே ஆற்றில் சின்னப் படகு.

நாங்கள் தங்கியது இபான் மக்களின் ரூமா பாஞ்சாங்கில். ஒரே கூரை, 24 கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு குடும்பம். எல்லாக் கதவுகளுக்கும் முன்னால் நீளமாக ஒரு பொதுத் திண்ணை. அதை 'ருவாய்' என்கிறார்கள். பேச்சு, கூட்டம், விருந்து, ஜெபம் எல்லாம் அங்கேதான்.

உட்பகுதிப் பிள்ளைகள் பலர் முதலாம் ஆண்டிலிருந்தே பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். அதனால் 30 பள்ளிப் பைகளை வாங்கி, நோட்டுப் புத்தகம், பென்சில் எல்லாம் வைத்துக் கொண்டுபோயிருந்தோம். கொடுக்கும் பொறுப்பு என்னிடம். நிகழ்ச்சி நடத்துவதுதானே என் தொழில்!

போன அன்று மாலையே ஆரம்பித்துவிட்டேன். கைப்பேசியைத் தாங்கியில் பொருத்தினேன். "பெராத்தூர்! பெராத்தூர்!" என்று கைதட்டினேன். பிள்ளைகள் ருவாயில் அழகாக வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பை, ஒரு சிரிப்பு, ஒரு படம்.

30 பைகளும் தீர்ந்தன. வரிசையில் இன்னும் ஏழு பேர் நின்றார்கள்.

முன்னால் நின்ற பெண் பிள்ளைக்கு ஆறு வயதிருக்கும். இரண்டு கைகளையும் நீட்டியபடியே நின்றாள். என் கைகள் காலி. அவள் பார்வை என் மகனின் முதுகில் இருந்த பைக்குப் போனது. அவன் மெதுவாக அதைக் கழற்றித் தன் பின்னால் மறைத்துக்கொண்டான். நாள் முழுவதும் பேசிச் சம்பாதிக்கிறவள் நான். அந்த நேரத்தில் வாயில் வந்தது "லாயின் காலி" மட்டும்தான். அடுத்த முறையாம்! எந்த அடுத்த முறை?

தூணோரம் நின்ற அப்பா ஒன்றும் சொல்லாமல் ஆற்றங்கரைக்கு இறங்கிப் போய்விட்டார். இரவு எல்லாரும் படுத்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"பாப்பா, இத நான் உன் அம்மாகிட்டகூட சொன்னதில்ல. பேராக்ல எஸ்டேட்ல இருந்தப்ப எனக்கும் ஏழெட்டு வயசு இருக்கும். கிறிஸ்மஸுக்கு டவுன்லேருந்து லோரியில ஆளுங்க வந்தாங்க. பெரட்டுக்களத்துல எங்கள வரிசையா நிக்க வச்சி சப்பாத்து குடுத்தாங்க. என் முறை வந்தப்ப சின்ன சைஸ்தான் மிச்சம். அத நெஞ்சோட புடிச்சிக்கிட்டு படத்துக்குச் சிரிக்கச் சொன்னாங்க. சிரிச்சேன். சப்பாத்து தம்பிக்குப் போயிருச்சி. ஆனா அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குள்ள அப்படியே இருக்கு."

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "அவங்க கெட்டவங்க இல்ல. நல்ல மனசோடதான் வந்தாங்க. ஆனா எங்க கால் அளவ யாரும் கேக்கல. யாரையும் வரிசையில நிக்க வைக்காத, பாப்பா."

அன்று இரவு நான் தூங்கவில்லை.

காலையில் துவாய் ரூமாவிடம், அதாவது அந்த வீட்டின் தலைவரிடம், மன்னிப்புக் கேட்கப் போனேன். அவருக்குக் கோபமே இல்லை. "இங்கே நாங்கள் தலையை எண்ணுவதில்லை, கதவை எண்ணுவோம்" என்று மலாயில் சொன்னார். கதவுக்கு ஒரு பை என்றால் 24. மீதி ஆறு, விடுதியில் இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு. கணக்கு அவ்வளவுதான். "முதலில் கேட்டிருக்கலாமே" என்று சிரித்தார்.

அதன்பின் அவர் தாய்மார்களிடம் ஏதோ பேசினார். மறுநாள் அந்தப் பெண் பிள்ளையின் முதுகில் ஒரு பை ஆடிக்கொண்டிருந்தது. எந்தக் கதவிலிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. அதற்குப் படமும் இல்லை.

"எங்களால் ஆகிற வேலை ஏதாவது இருக்கிறதா?" என்று இந்த முறை கேட்டேன். இருந்தது. மலையில் ஓடையைத் தடுத்துக் குழாய் வழியாகத்தான் வீட்டுக்குத் தண்ணீர் வருகிறது. பெருமழையில் இலையும் மணலும் குழாய் வாயை அடைத்திருந்தன. கோத்தோங் ரோயோங்கில் நாங்களும் ஏறினோம். உண்மையைச் சொன்னால் அவர்கள் அள்ளியதில் பாதிகூட நாங்கள் அள்ளவில்லை. மலை ஏற முடியாத அப்பா, பெரியவர்களோடு உட்கார்ந்து பாயில் காய்ந்த மிளகைக் கிளறிக்கொண்டிருந்தார். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. ஆனாலும் சிரிப்புச் சத்தம் கேட்டபடியே இருந்தது.

நான் இறங்கி வந்தபோது காலில் ஐந்து அட்டைகள். ஒரு பாட்டி என்னை உட்கார வைத்து, நனைத்த புகையிலையால் ஒவ்வொன்றாக எடுத்தார். சேற்றையும் துடைத்துவிட்டார். கூச்சத்தில் காலை இழுத்தேன். அவர் விடவில்லை. இயேசு கால் கழுவ வந்தபோது பேதுரு மறுத்த கதையை ஞாயிறு பள்ளியில் எத்தனை முறை கேட்டிருப்பேன்! 'கொடுக்க வந்தவள்' என்ற நினைப்போடு போகிறவளுக்கு, வாங்கிக்கொள்வதுதான் கஷ்டம் என்று அன்றுதான் புரிந்தது.

வாசகர்களே, தீபாவளியோ கிறிஸ்மஸோ, நம்மில் பலர் பொருள்களோடு இல்லங்களுக்குப் போகிறோம். நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் கிளம்பும் முன் ஒரு தொலைபேசி அழைப்புப் போட்டு, "என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். பண்டிகை நேரத்தில் அங்கே பிஸ்கட் டின்கள் குவிந்திருக்கலாம். தேவைப்படுவது பெரியவர்களுக்கான டயப்பராக இருக்கலாம். கொடுத்துவிட்டு உடனே கிளம்பாமல், அவர்கள் கொடுக்கும் ஒரு கோப்பை தேநீரையும் உட்கார்ந்து குடித்துவிட்டு வாருங்கள். கைப்பேசி பைக்குள்ளேயே இருக்கட்டும்.

அந்த வரிசைக் காணொளியை விமான நிலையத்திலேயே அழித்துவிட்டேன்.

ஊர் திரும்பிய வாரம் அப்பாவுக்குச் சப்பாத்து வாங்கப் போனேன். கடையிலிருந்து அழைத்து, "அப்பா, உங்க கால் சைஸ் என்ன?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எட்டு, பாப்பா" என்றார்.

இத்தனை வருடமாக அவருக்கு மகள் நான். அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன்.

அடுத்த வாரம் சந்திப்போம்.