கைக்கடிகாரமும் கடை முதலும்

சென்ற ஆவணி மாதம் ஒரு பிற்பகல் நம் ஊர்க் கடைத்தெருவில் சென்னைப் பதிவெண் கொண்ட கார் ஒன்று வந்து நின்றது. பூவராகப் பெருமாளைச் சேவிக்க வெளியூர்க் கார்கள் வருவது ஸ்ரீமுஷ்ணத்துக்குப் புதிதல்ல. இந்தக் கார் கோயில் பக்கம் திரும்பவே இல்லை. இறங்கியவர் கைக்கடிகார வியாபாரி. கையில் தோல் பெட்டி. அதனுள் பஞ்சு மெத்தையில் நான்கு கடிகாரங்கள். மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நம் சங்க உறுப்பினர் ஒருவரிடம் அதில் ஒன்றை எடுத்துக் காட்டினார். ரோலக்ஸ். ஒரு கை மாறியது. ஆனால் புதுக்கருக்கு அழியாதது. விலை ஆறரை லட்சம் ரூபாய். பாதியை ரொக்கமாகவும் பாதியை வங்கி மூலமும் கொடுத்தால் போதும், மூன்று நாளில் சொல்லிவிடுங்கள் முதலாளி என்று சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

அன்று மாலையே உறுப்பினர் சங்க அலுவலகத்துக்கு வந்துவிட்டார். "வாங்கலாமா, வேண்டாமா? வீட்டில் கேட்டால் திட்டுவார்கள், அதனால் இங்கே கேட்கிறேன்" என்றார். ஒருவர் தம் கையில் எதைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்வது சங்கத்தின் வேலையல்ல. ஆனாலும் அதே வியாபாரி வேறு இரண்டு கடைகளுக்கும் போயிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. விருத்தாசலத்திலும் போயிருக்கிறாராம். ஆகவே அன்று பேசியதை எல்லோருக்குமாக எழுதி வைப்பது நல்லது என்று நினைக்கிறோம்.

முதலில் ஒன்று. ஆசைப்பட்டவரைக் கேலி செய்ய நமக்கு மனம் வரவில்லை. அந்த உறுப்பினர் பதினாறு வயதில் கடையில் பொட்டலம் மடிக்க உட்கார்ந்தவர். முப்பத்தைந்து வருடமாக விடியற்காலை நாலரை மணிக்கு ஷட்டரைத் தூக்குகிறவர். கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் போட்ட எச்.எம்.டி. கடிகாரத்தைத்தான் இன்னும் மேஜை டிராயரில் வைத்திருக்கிறார். நம் தலைமுறையில் பலருக்கும் அப்படித்தான். 1961-இல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு எச்.எம்.டி. கடிகாரம் செய்யத் தொடங்கிய பிறகுதான் கைக்கடிகாரம் என்பது சாதாரணக் குடும்பத்துக்கு எட்டியது. பிறகு 1984-இல் டாடா குழுமமும் நம் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனை ஆரம்பித்து, ஓசூரில் தொழிற்சாலை வைத்தன. வெளிநாட்டுக் கடிகாரம் வேண்டுமென்றால் சென்னை பர்மா பஜாருக்குப் போய், இது அசலா போலியா என்று தெரியாமல், சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு வாங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்த ஏக்கம் மனதின் ஓரத்தில் இருக்கத்தான் செய்யும். உழைத்தவன் ஒரு நல்ல பொருளுக்கு ஆசைப்படுவதில் என்ன தவறு?

எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கவேண்டும், அவ்வளவுதான். மணி பார்ப்பதற்கு இது தேவையில்லை. பற்சக்கரத்திலும் சுருள்வில்லிலும் ஓடுகிற கடிகாரம், சுவிட்சர்லாந்தின் துல்லியச் சான்று பெற்றதாகவே இருந்தாலும், ஒரு நாளைக்குச் சில விநாடிகள் முன்னே பின்னே போகலாம். ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பேட்டரி கடிகாரம் ஒரு மாதத்துக்கே சுமார் பதினைந்து விநாடிதான் தவறும். சில வருடங்களுக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் போடவேண்டும். அந்தச் செலவில் நம் உறுப்பினர் ஒரு நல்ல மின்தராசு வாங்கிவிடலாம். ஆகவே கொடுக்கிற விலை நேரத்துக்கு அல்ல, வேலைப்பாட்டுக்கும் பெயருக்கும். (பெட்டியில் இருந்த இன்னொரு கடிகாரத்தின் உறை பீங்கானால் ஆனது. ராடோ போன்ற நிறுவனங்கள் 1980களிலிருந்தே இந்த உயர்ரகப் பீங்கானைக் கையாள்கின்றன. "பீங்கானுக்கு விருத்தாசலத்தைத் தாண்டியா போகவேண்டும்?" என்று நம்மவர் கேட்டதும் வியாபாரிக்குச் சிரிப்பு வரவில்லை.)

வியாபாரி விடுவாரா? "இது செலவு இல்லை முதலாளி, முதலீடு. வருடா வருடம் விலை ஏறுகிறது" என்றிருக்கிறார். இந்தச் சொல்லைத்தான் நாம் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். சில குறிப்பிட்ட மாதிரிகள் கடையில் கிடைக்காமல், வெளியே கூடுதல் விலைக்குப் போவது உண்மை. கொரோனா காலத்துக்குப் பிறகு அந்த வெளிச்சந்தை விலைகள் ஏறு ஏறென்று ஏறி, 2022 தொடக்கத்தில் உச்சிக்குப் போய், பிறகு சரிந்ததும் உண்மை. உச்சியில் வாங்கியவர்கள் கையில் கட்டிக்கொண்டிருப்பது நஷ்டத்தைத்தான். இதெல்லாம் நமக்குத் தெரியாத சங்கதியா? மிளகாய் விலையும் துவரம்பருப்பு விலையும் இப்படி ஏறி இறங்குவதைப் பார்த்தே தலை நரைத்தவர்கள் நாம். ஆனால் துவரம்பருப்பு விலை இறங்கினாலும் அதை வாங்க ஆள் உண்டு. ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு சவரன் நகையை எடுத்துக்கொண்டு போனால் உரசிப் பார்த்து, எடை போட்டு, அன்றைக்கே பணம் தருவார்கள். இந்தக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு எந்தக் கடைக்குப் போவது? விருத்தாசலத்தில் யார் எடுப்பார்கள்? சென்னைக்கோ பெங்களூருக்கோ போய், வாங்குகிறவர் சொல்லும் விலைக்குத் தலையாட்ட வேண்டும்.

ஆகவே உறுப்பினரிடம் ஒரே ஒரு கேள்வியைச் சொல்லி அனுப்பினோம். மறுநாள் தொலைபேசியில் அந்த வியாபாரியிடம் அவர் கேட்டார்: "இன்றைக்கு நான் வாங்கி, நாளைக்கே உங்களிடம் திருப்பிக் கொடுத்தால் என்ன விலைக்கு எடுப்பீர்கள்?" சற்று நேரம் பதிலில்லை. பிறகு, "ஐந்து வரை பார்க்கலாம்" என்று வந்தது. ஒரு இரவில் ஒன்றரை லட்சம்! சரக்குக் கொள்முதலில் கிலோவுக்கு ஐம்பது காசுக்காக அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர் நம்மவர்.

இதைவிடப் பெரிய விஷயம், அந்த ஆறரை லட்சம் யாருடையது என்பது. உறுப்பினர் அந்த வாரம்தான் ஏலச்சீட்டு எடுத்திருந்தார். (அது அந்த வியாபாரிக்கு எப்படித் தெரிந்தது என்பது தனிக் கதை. நம் தெருவில் ரகசியம் தங்காது.) சீட்டுப் பணம் கையில் இருக்கும்போது எல்லாம் நம் பணம் போலத்தான் தோன்றும். பேரேட்டைப் புரட்டினால் வேறு கதை. எண்ணெய் மண்டிக்கு ஒரு பாக்கி, பருப்பு மில்லுக்கு ஒரு பாக்கி. இன்னொரு பக்கம், மல்லாட்டை விற்றதும் தருகிறேன், முந்திரி விற்றதும் தருகிறேன், ஆலையிலிருந்து கரும்புப் பணம் வந்ததும் தருகிறேன் என்று சில்லறைக் கடைக்காரர்களும் விவசாயக் குடும்பங்களும் வாங்கிப்போன பற்று. எடுத்த சீட்டுக்கு இன்னும் பதினோரு தவணை கட்டவேண்டும். ஆவணி முடிந்தால் புரட்டாசி, ஐப்பசியில் தீபாவளி. வருடத்தில் சரக்கு அதிகமாகப் பிடிக்கவேண்டிய நேரம் அது. மாவும் சர்க்கரையும் எண்ணெயும் ரொக்கம் வைத்திருப்பவனுக்குத்தான் விலை குறைந்து கிடைக்கும்.

கணக்குப் போட்டுக் காட்டினோம். ஆறரை லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்துக் கொள்முதல் செய்தால் பில்லுக்கு நூற்றுக்கு ஒன்று தள்ளுபடி என்று வைத்துக்கொண்டாலும், ஒரு சுற்றுக்கு 6,500 ரூபாய். மாதத்துக்கு ஒரு சுற்று என்றாலும் வருடத்துக்கு 78,000 ரூபாய், விற்பனை லாபம் தனி. மாறாக, கடிகாரத்தில் பணத்தை முடக்கிவிட்டுத் தீபாவளிச் சரக்குக்கு ஒன்றரை வட்டிக்கு வெளியே வாங்கினால் மாதம் 9,750 ரூபாய் வட்டி. வருடத்துக்கு 1,17,000. வட்டி கட்டுகிறவன் கையில் மின்னுகிற கடிகாரம், வட்டி வாங்குகிறவனுக்குத்தான் நேரம் காட்டும். உறுப்பினர் பேசாமல் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்தது பில். "பழைய பொருளுக்குப் பில் கிடையாது முதலாளி, பெட்டியும் உத்தரவாத அட்டையும் இருக்கிறது, அதுவே போதும்" என்பது வியாபாரியின் பேச்சு. இது சரியல்ல. பழைய பொருளை வாங்கி விற்கும் பதிவு பெற்ற வியாபாரி, தமக்குக் கிடைக்கும் லாபத்தின் மீது மட்டும் ஜி.எஸ்.டி. கட்டுவதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஆகவே நேர்மையாக விற்பவர் பில் போடத் தயங்கவேண்டியதில்லை. பாதி ரொக்கம் என்பதும் அப்படித்தான். 2017 ஏப்ரல் 1 முதல் வந்த விதிப்படி, ஒரே விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே தொகை அளவுக்கு அபராதம். அபராதம் அவருக்குத்தானே என்று நாம் இருந்துவிட முடியாது. அந்த மூன்றேகால் லட்சம் நம் கணக்கில் எங்கிருந்து போனது என்று நாளை நம்மைத்தானே கேட்பார்கள்? கடை பேரில் வாங்கி, கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஒருவர் யோசனை சொன்னாராம். சொந்த உபயோகப் பொருளுக்கு உள்ளீட்டு வரி கிடையாது. அந்த யோசனையைக் கேட்காதீர்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொரு சங்கதி. 1962-ஆம் வருடத்துச் சுங்கச் சட்டத்தின் 123-ஆம் பிரிவில் தங்கத்தோடு சேர்த்துக் கைக்கடிகாரத்தையும் பெயர் சொல்லியே வைத்திருக்கிறார்கள். கடத்தல் பொருள் என்ற நியாயமான சந்தேகத்தில் அதிகாரிகள் பறிமுதல் செய்தால், அது கடத்தல் பொருள் அல்ல என்று நிரூபிக்கவேண்டியது வைத்திருப்பவரின் பொறுப்பு. மற்றப் பொருள்களில் குற்றம் சாட்டுபவர்தான் நிரூபிக்கவேண்டும், இதில் தலைகீழ். உத்தரவாத அட்டை, கடிகாரம் எந்த நாட்டில் எப்போது விற்றது என்று சொல்லலாம். இந்தியாவுக்குள் சுங்கவரி கட்டி வந்ததா என்று சொல்லாது. சங்கிலித்தொடர்போல ஒவ்வொரு கை மாறியதற்கும் காகிதம் வேண்டும்.

கட்சிப் பேச்சு இந்த இதழில் வேண்டாம், நம் சங்கத்தில் எல்லாக் கட்சியினரும் இருக்கிறோம். இருந்தாலும் ஒன்றை நினைவுபடுத்தலாம். 2022 டிசம்பரில், அப்போது பா.ஜ.க. மாநிலத் தலைவராக இருந்த திரு. அண்ணாமலை அவர்கள் கட்டியிருந்த ரபேல் விமானப் பெயர் கொண்ட, உலகத்தில் மொத்தமே 500 செய்யப்பட்ட கடிகாரத்தைப் பற்றித் தமிழ்நாடு முழுவதும் பேச்சாக இருந்தது. விலை என்ன, அழகா என்பதல்ல, "பில் எங்கே?" என்பதுதான் மாதக்கணக்கில் கேள்வி. 2023 ஏப்ரலில் அவர் ரசீதை வெளியிட்டு, கோவையில் ஒருவரிடமிருந்து 3 லட்சம் ரூபாய்க்கு வாங்கியதாகச் சொன்னார். யார் சொன்னது சரி என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும். ரசீது கேட்டு ஊரே பேசும் பொருள் இது என்பதை மட்டும் நாம் எடுத்துக்கொள்வோம்.

அசலா என்று பார்ப்பதையும் சொல்லவேண்டும். எடை, எழுத்து, முள்ளின் ஓட்டம் ஆகியவற்றைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்பது பழைய காலம். இப்போது வரும் போலிகளைப் பின்மூடியைத் திறந்து உள்ளே பார்த்தால்தான் தெரியும். அதற்கும் கைதேர்ந்தவர் வேண்டும். உறை அசலாகவும் உள்ளே உதிரி மாற்றியதாகவும் வருவதும் உண்டு. வரிசை எண் அட்டையில் உள்ளதோடு பொருந்தினால் மட்டும் போதாது. விலையைப் பேசும் முன்பே, நிறுவனம் அங்கீகரித்த சேவை நிலையத்தில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்கவேண்டும். மூன்று நாள் கெடு வைக்கிறவர் அதற்குச் சம்மதிக்கமாட்டார்.

சரி, வாங்கவே கூடாதா? அப்படி நாம் சொல்லவில்லை. பாக்கிகளைத் தீர்த்து, பருவத்துச் சரக்கைப் பிடித்து, பிள்ளைகள் படிப்புக்கு ஒதுக்கியது போக, காணாமல் போனாலும் தூக்கம் கெடாது என்கிற பணம் இருந்தால் தாராளமாக வாங்கலாம். அங்கீகாரம் பெற்ற கடைக்குப் போய், முழுத்தொகையையும் வங்கி மூலம் கொடுத்து, பில்லோடு வாங்கவேண்டும். 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள கைக்கடிகாரத்துக்கு விற்பவர் நூற்றுக்கு ஒன்று வருமான வரி முன்வசூல் செய்யவேண்டும் என்று 2025 ஏப்ரல் 22 முதல் விதி வந்தது. அதற்கும் தயாராகப் போகவேண்டும். இன்னொன்று: சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு இந்தியா செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. அதன்படி சுவிஸ் கடிகாரங்களின் சுங்கவரி ஏழு வருடத்தில் படிப்படியாக நீங்கும். நிறுவனங்கள் விலையைக் குறைக்குமோ குறைக்காதோ, இன்றைக்கே வாங்காவிட்டால் போய்விடும் என்று அவசரப்படுத்துகிறவரிடம் சொல்ல இது ஒரு நல்ல பதில்.

கட்டிக்கொண்ட பிறகு கல்லாவில் உட்காரும்போது எப்படியிருக்கும் என்பதையும் யோசித்துப் பார்த்தோம். பாக்கி கேட்கப் போகும் இடத்தில் அந்தக் கை நீளும். "இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்" என்று மில்காரரிடம் சொல்லும்போதும் அதே கைதான் நீளும். ஆறரை லட்சமா, ஆறாயிரமா என்று கையைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் வியாபாரி தொலைபேசியில் கூப்பிட்டார். முழுத்தொகைக்கும் பில், முழுப்பணமும் வங்கி மூலம், சேவை நிலையத்தில் காட்டிய பிறகே விலை என்று உறுப்பினர் சொன்னார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றவர் இன்றுவரை சொல்லவில்லை. சீட்டுப் பணத்தில் எண்ணெய் மண்டி பாக்கி தீர்ந்தது. மீதியில் மைதாவும் சர்க்கரையும் இறங்கின. டிராயரில் கிடந்த எச்.எம்.டி.யை உறுப்பினர் விருத்தாசலத்தில் பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறார். சாவி கொடுத்தால் ஓடுகிறதாம், ஆனால் நாளைக்கு ஐந்து நிமிடம் பின்தங்குகிறதாம். அந்தச் சென்னைக் கார் மாசி மகத்தை ஒட்டி மறுபடி இந்தப் பக்கம் வரலாம் என்று கேள்வி. உங்கள் கடைக்கு வந்தால், காப்பி கொடுக்கும் முன் அவருடைய ஜி.எஸ்.டி. எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.